தடுப்பாட்டக்காரனின் மனப்பாடம்

– திரும்ப முதலிலயிருந்து சொல்லுங்கோ. பேர்.

– சரணி, என்ர பேரை நான் இன்னும் மறக்கேல்லை.

– டொக்டர் அதிலயிருந்துதான் தொடங்குவாராம். பக்கத்து வீட்டுச் சஜீதா அக்கா சொன்னவ. அவவும் தன்ர மனிசனை இதே ஞாபகமறதி டொக்டரிட்டத்தானே கூட்டிக்கொண்டு போனவ.

– சரி. தவச்செல்வன். வயது நாப்பத்திரண்டு. பிறந்தது நோர்வே, பேர்கன். மகன் சயன், பன்னிரண்டு வயது. மனிசி சரணியா, சுவிஸில வின்டர்தூரில பிறந்து வளர்ந்தவ, ரெயினுக்குள்ளயும் புருசனுக்குச் சோதனை வைக்கிறவ.

– பகிடி வேண்டாம். முன்னால இருக்கிற மனுசி எங்களைத்தான் பாக்கிறா.

– பாக்கட்டும். பதினெட்டு வயதிலயிருந்து ஆக்கள் காசு குடுத்து என்னைப் பாத்தவை.

– அதைத்தான் சொல்லுங்கோ. பதினெட்டு வயது.

– பேர்கனில சின்ன உதைபந்துக் கிளப். நடுப் பின்வரிசையில தடுப்பாட்டம். கோச் ஒரு நாளைக்கு அறுபது பந்து உயர அடிச்சு விடுவார். அறுபதையும் தலையால திருப்பவேணும். மற்றப் பொடியள் முப்பதில நிண்டிடுவாங்கள். நான் நிக்கமாட்டன்.

– அந்த அறுபதைச் சொல்லாதேங்கோ.

– ஏன்?

– தலையால அடிச்ச கதையை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கோ. பிறகு?

– இருபதில ஒஸ்லோ. முதலாம் டிவிசன், ஏழு வருசம். அதுக்கிடையில இளையோர் தேசிய அணியில மூண்டு மட்ச். முதுகில செல்வன் எண்டு மட்டும் போட்டது. முழுப் பேருக்கு ஜேர்சியில இடம் காணாதெண்டு உடுப்புக்குப் பொறுப்பானவன் சொல்லிப்போட்டான். இருபத்தேழில சுவிஸ், ரெண்டாம் டிவிசன். முப்பத்திமூண்டில...

– முப்பத்திநாலு.

– முப்பத்திநாலில விட்டனான். ரெண்டாந்தரம் தலை அடிபட்ட பிறகு.

– முழங்கால் எண்டு சொல்லுங்கோ.

– அது பொய், சரணி.

– முழங்காலும் நோதானே.

– நோதான். ஆனால் இப்பிடிப் பாடமாக்கிக்கொண்டு போய் என்ன பிரயோசனம்? எனக்கு ஒண்டுமில்லை எண்டால் ஒண்டுமில்லைத்தானே.

– ஒண்டுமில்லாத ஆள் தான் பயிற்சி குடுக்கிற பன்னிரண்டு பெட்டையளை வேற ஊர் மைதானத்தில விட்டிட்டுத் தனிய ரெயினேறி வீட்டை வருவாரோ? கிளப் தலைவர் எனக்குத்தான் போன் எடுத்தவர். மரியாதையாத்தான் கதைச்சார். டொக்டரின்ர கடிதத்தைக் கொண்டுவந்தால் அடுத்த நாளே பயிற்சிக்கு வரலாமாம். இல்லாட்டி பிள்ளையளை உங்களை நம்பி விடேலாதாம்.

– அண்டைக்கு எனக்குச் சரியான களைப்பு.

– ஓம், களைப்பு. அதைத்தான் நானும் அவருக்குச் சொன்னன்.

– அந்தப் பெட்டையள் இல்லாட்டி நான் காலமை எழும்பி என்ன செய்யிறது? எனக்கு வேற ஒண்டும் தெரியாது, சரணி.

– அதுக்குத்தானே மூண்டு கிழமையா உங்கட விவரம் எழுதின இந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு திரியிறன். நீங்கள் சொல்லச் சொல்ல, சரியோ எண்டு டொக்டர் என்னைத்தான் கேப்பாராம். நீங்கள் பிழைவிடாமச் சொல்லுங்கோ. நான் ஓம் எண்டுறன். அவ்வளவுதான்.

– சரி, கேளும்.

– மொத்தம் எத்தினை மட்ச்?

– இருநூற்றி அறுபத்திமூண்டு.

– மஞ்சள் அட்டை?

– நாப்பத்தொண்டு. சிவப்பு ரெண்டு. அதில ஒண்டு அநியாயம்.

– அநியாயத்தை அங்க போய்க் கதைக்காதேங்கோ. எல்லாம் சரி. வடிவாச் சொல்லிப்போட்டியள். இனிக் கொஞ்சம் கண்ணை மூடுங்கோ.

– நல்ல வாத்தியார் நீர். முக்கியமானதைக் கேக்காமலே புள்ளி போடுறீர்.

– எதைக் கேக்கேல்லை?

– கோலை. ஒண்டேயொண்டுதான் அடிச்சனான், அதையும் தாளில எழுதாம விட்டிட்டீர்.

– சொல்லுங்கோ, கேப்பம்.

– ஒஸ்லோ. நல்ல மழை. எண்பத்தெட்டாம் நிமிசம் எங்களுக்குக் கோர்னர். போகாத, பின்னால நில் எண்டு கோச் கத்துறார். நான் கேக்கேல்லை. ஓடிப்போய்த் தலையால குத்தினன். பந்து உள்ள போனதைக் காணேல்லை, நெத்தி விண்ணெண்டு வலிச்சது. அப்பா மீன் ஃபக்டரி வேலை முடிஞ்சு நேர வந்தவர், வேலியால ஏறிக் குதிச்சு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சவர். அவற்ர ஜக்கெற் முழுக்க மீன் மணம். இப்பவும் மூக்குக்குள்ள நிக்குது.

– ஆர் உங்களுக்கு இதைச் சொன்னது?

– ஆர் சொல்லுறது? நான் அடிச்ச கோல். இன்டர்நெட்டில என்னைப் பற்றின பக்கத்திலயும் கிடக்கு, பாரும். என்ன, நிமிசம் பிழையோ?

– நிமிசம் சரி.

– பிறகேன் தாளைக் கிழிக்கிறீர்? நாங்கள் இறங்கிற பேர்ண் இன்னும் வரேல்லை.

– இஞ்சருங்கோ. டொக்டர் கேட்டால் நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். அந்தக் கோல் உங்கட நாப்பதாவது பிறந்தநாளுக்கு நானும் சயனும் பகிடிக்கு, ஆரும் எழுதக்கூடிய அந்தப் பக்கத்தில எழுதிவிட்டது. ஒரு கோலும் அடிக்காதவனுக்கு இதென்ன பகிடி, அதை அழியுங்கோ எண்டு வயிறு நோகச் சிரிச்சு எங்களைப் பேசினது நீங்கள்தான்.