இன்னும் ஒரு குதிரை

காலை ஐந்தரை மணி. ஏப்ரல். ஞாயிற்றுக்கிழமை. ரேடனர் குன்றுகளுக்குப் பின்னால் அணையை ஒட்டி ஒரு சாலை போகிறது. ஒன்றரை மைல், நூல் பிடித்த மாதிரி நேர். ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் பைன் மரங்கள். வீடு கிடையாது. அந்த நேரத்தில் ஆடுகூட எழுந்திருக்காது.

அங்கேதான் ஆல்வின் புரோசர் தன் சின்ன வண்டியை முழு வேகத்தில் ஓட்டி, ஓட்டத்தின் நடுவிலேயே சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான்.

அணைத்த பிறகுதான்... சத்தம் கேட்டது.

“ஆரம்பிச்சுட்டாண்டா,” என்றான் ரோட்ரி, கூடார விளக்கைத் தூண்டியபடி.

விளக்கை அப்படியே வை, ரோட்ரி. பெரிதாக்காதே. இந்த மழை நிற்கிறவரை எவனும் கூடாரத்தை விட்டுப் போகப்போவதில்லை. நாளை மலையேற்றக் கார்ப் போட்டி நடக்குமா என்பதே தெரியவில்லை. கேள்.

ஆல்வின் நம் கெரைன்ட்டின் மைத்துனன். மனைவியின் அண்ணன். கெரைன்ட்டை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பொய் வராது அவனுக்கு. சீட்டாட்டத்தில் தோற்பதே அதனால்தான். அவன் சொன்னது இது.

ஆல்வினின் வண்டி ஐம்பத்தெட்டில் செய்தது. இரண்டு இருக்கை. ஒரு லிட்டர்கூட இல்லாத எஞ்சின். ஆலையிலிருந்து வரும்போது நாற்பத்து மூன்று குதிரைத்திறன். பத்து வருடம் பாடுபட்டு அறுபத்தொன்றுக்குக் கொண்டுவந்திருந்தான். இதே மலையில், நம் பிரிவில், பதினோரு வருடமாக ஒரு சாதனை நிற்கிறதல்லவா... அதற்கு அரை விநாடி பின்தங்கியிருந்தான். அரை விநாடிக்கு இன்னும் ஏழெட்டு குதிரை வேண்டும்.

அதற்குத்தான் ஹெக்டர் பிளவுன்ட்டிடம் போனான்.

ஹெக்டர் பர்மிங்ஹாமில் ஒரு பட்டறையின் டூல் ரூமில் முப்பத்தெட்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வுக்கு இந்தப் பக்கம் வந்தவர். எஞ்சினின் மேல்மூடியான தலையைக் கழற்றிக் கொடுத்தால், காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற வழிகளை அரத்தால் அகலமாக்கிக் கொடுப்பார். மெஷின் தொடமாட்டார். எலிவால் அரம், எமரித் தாள், சுண்டுவிரல். விரலை வழிக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். அது போதும் அவருக்கு.

முதல் வழி முடிந்தது. இரண்டாவதில் முக்கால்வாசி வந்ததும் நிறுத்திவிட்டார்.

“இதுக்கு மேல தொடக்கூடாது பையா. இந்தச் சுவருக்குப் பின்னால தண்ணி ஓடுது. வார்ப்பு இந்த இடத்துல ஒல்லியா இருக்கு.”

“தொட்டா இன்னும் ஒரு குதிரை கிடைக்குமா?”

“கிடைக்கும். கூடவே எஞ்சின் தண்ணியும் குடிக்கும்.”

“கொஞ்சம்தானே ஹெக்டர். நீங்க நினைச்சா முடியும்.”

அந்தக் குளிர்காலத்தில் ஹெக்டருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார் டாக்டர். அவர் மனைவி வினிஃபிரெட் அரங்களை எடுத்து மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

ஆல்வின் என்ன செய்தான் தெரியுமா? தேநீர்த் தட்டில் அந்த இரும்புத் தலையை வைத்து, படுக்கையறைக்கே கொண்டுபோனான். புது அரம் ஒன்றும் வாங்கிப்போனான். “அவருக்கும் பொழுது போகணுமில்ல” என்றான். போர்வைமேல் தட்டை வைத்தான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் போய்க் கேட்டான். “இன்னும் ஒண்ணு?”

“எல்லாரும் செய்யறதுதானேப்பா,” என்றான் ரோட்ரி.

ஆமாம். நாமும் செய்திருப்போம். அதனால்தான் சொல்கிறேன்.

பிப்ரவரியில் ஹெக்டர் செத்துப்போனார். அடக்கம் முடிந்து நாலாம் நாள் வினிஃபிரெட் ஆல்வினைக் கூப்பிட்டாள். தலையணை உறையில் சுற்றி அதைக் கொடுத்தாள்.

“எடுத்துட்டுப் போ. கடைசி ராத்திரி வரைக்கும் கை ஆடிட்டே இருந்தது. ‘அவன் போதும்னு சொல்லலையே... போதும்னு சொல்லலையே...’ன்னு இதையேதான் சொல்லிட்டிருந்தார்.”

ஆல்வின் வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தான். எஞ்சினோடு பொருந்தும் தட்டையான முகப்பில் கீறல் விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தானாம். இதை அவனே கெரைன்ட்டிடம் சொல்லியிருக்கிறான்.

மார்ச் கடைசியில் எஞ்சினில் மாட்டினான். ஊரில் கென்யன் பட்டறையில் பின்சக்கரங்களை உருளைமேல் ஏற்றி அளந்தார்கள். அறுபத்தெட்டு.

அடுத்த ஞாயிறுதான் நான் சொன்ன அந்தக் காலை ஐந்தரை மணி.

எதற்குப் போனான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து ஓட்டி, அதே மிதியில் சாவியை அணைத்து, கிளட்சை மிதித்து, வண்டியைத் தானாக உருளவிட்டு நிறுத்த வேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் கரி படிந்து உண்மையை மறைத்துவிடும். பால் விட்ட தேநீர் நிறம் இருந்தால் பெட்ரோல் சரியாக எரிகிறது.

அணைத்தான். எஞ்சின் அடங்கியது. டயர்ச் சத்தம் மட்டும். காற்று. வண்டி உருண்டுகொண்டிருந்தது...

கர்ர்க்.

ஒரு மூச்சு இடைவெளி.

கர்ர்க்.

பானெட்டுக்குள்ளிருந்து. எஞ்சின் சூடு ஆறும்போது டிக் டிக்கென்று கேட்குமே, அது இல்லை. அரம் தள்ளும்போதுதான் வெட்டும். பின்னால் வரும்போது தூக்கிக்கொள்வார்கள். தள்ளு... சும்மா. தள்ளு... சும்மா. அந்தத் தாளம். அவசரமே இல்லை.

வண்டி நின்றது. சத்தமும் நின்றது. இறங்கிப் பானெட்டைத் திறந்தான். அறுத்த இரும்பின் வாசனை. அதோடு இன்னொன்று... மார்பில் தேய்க்கிற கற்பூரத் தைலம்.

கார்புரேட்டர்களின் அடியில் ஒரு சிட்டிகை அரப்பொடி கிடந்தது. துரு இல்லை. புதுசு. விரலில் ஒட்டியது, சுட்டது.

பிளக்கைக் கழற்றினான். அருமையான நிறம்.

செவ்வாய்க்கிழமை கென்யன் அளந்தார். எழுபது.

“பெட்ரோல்ல என்னடா கலக்கற? பிராந்தியா?”

“ஒண்ணும் தொடலை.”

“தொடாமலே ரெண்டு குதிரை ஏறுமா? எனக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் குடு. என் பெண்டாட்டி வேனுக்குப் போடறேன்.”

ஆல்வின் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் வண்டிமேல் துணி போட்டு மூடினான். நான்கு நாள் அந்தக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் போனான். ஞாயிறு காலை அணைக்குப் போனான்.

மறுபடி அதே. எழுபத்திரண்டு.

மூன்றாவது ஞாயிறு. அணைத்தான். உருண்டது. கர்ர்க்... கர்ர்க்... அங்கே யாரும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்ன வார்த்தை என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான்.

“இன்னும் ஒண்ணு, ஹெக்டர்.”

சத்தம் நின்றது. யோசிக்கிற மாதிரி. பிறகு தொடங்கியது.

இந்தத் தடவை எழுபத்தாறு. கென்யன் இருமுறை அளந்தார். மூன்றாவது முறை ஏற்ற மறுத்துவிட்டார்.

“இந்த எஞ்சின்ல இவ்வளவு கிடையாது ஆல்வின். எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியலை. இனிமே என் பட்டறைக்குக் கொண்டுவராதே.”

சாதனைக்கு அது தாராளம். போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம். ஆல்வின் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அந்த வாரம் கசாப்புக் கடை வாசலில் வினிஃபிரெட்டைப் பார்த்தான். ஆள் பாதியாகியிருந்தாள்.

“தினம் கல்லறைக்குப் போறேன்,” என்றாள். “உக்காந்து பேசறேன். மனசு ஆறும்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனா அங்கே யாருமே இல்லாத மாதிரி இருக்கு ஆல்வின். அவர் எங்கேயோ வேலைக்குப் போயிருக்கிற மாதிரி.”

அன்று இரவே கெரைன்ட் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினான்.

கெரைன்ட் சிரித்தான். “வால்வு தளர்ந்திருக்கும். நீ தூங்கி எத்தனை நாளாச்சு?”

“கூட வா. ஒரே ஒரு தடவை.”

“வர்றேன். ஒண்ணும் கேக்கலைன்னா ஒரு மாசம் என் புல்வெளியை நீதான் வெட்டணும்.”

போனார்கள். ஐந்தரை மணி. தண்ணீர்மேல் பனி. இந்த வண்டியில் இவ்வளவு வேகம் போக முடியும் என்று கெரைன்ட்டுக்குத் தெரியாது. கதவைப் பிடித்துக்கொண்டானாம். ஆல்வின் சாவியைத் திருகினான்.

டயர்ச் சத்தம். காற்று.

கர்ர்க்.

கெரைன்ட் சொன்னான்: “முதல்ல எனக்கு வாசனைதான் வந்தது. எங்கப்பா படுத்திருந்த ரூம் ஞாபகம் வந்துடுச்சு.”

கர்ர்க்... கர்ர்க்...

“சொல்லுடா,” என்றான் கெரைன்ட். “போதும்னு சொல்லித் தொலைடா!”

வண்டி வேகம் குறைந்துகொண்டே வந்தது. நின்றுவிட்டால் சத்தமும் போய்விடும். பிறகு அடுத்த ஞாயிறுதான்.

“போதும் ஹெக்டர்.” அழுதான். “போதும். என்னை மன்னிச்சுடுங்க. போதும். நீங்க போங்க.”

நின்றது.

சத்தம் இல்லை. வண்டி நடக்கிற வேகத்தில் உருண்டது. ஒரு பறவை கூவியது. கெரைன்ட் அவன் தோளைத் தட்டக் கையைத் தூக்கினான்...

கர்ர்க்.

கர்ர்க் கர்ர்க் கர்ர்க் கர்ர்க்...

இடைவெளியே இல்லை. தூக்கிக்கொள்வதும் இல்லை. போகவும் வரவும் வெட்டியது. வண்டி நின்றது. அன்றைக்குச் சத்தம் நிற்கவில்லை.

இருவரும் இறங்கி நடந்தே ஊருக்கு வந்தார்கள். ஆறு மைல். மத்தியானம் டிராக்டர் கொண்டுபோய் வண்டியை இழுத்துவந்தார்கள். அப்போது சத்தம் இல்லை. அன்றைக்கே தலையைக் கழற்றினார்கள். பாதி நட்டுகளைக் கெரைன்ட்தான் திருகினான். தண்ணீர் போகிற துவாரத்தில் கைவிளக்கை வைத்து, மறுபக்கம் வழிக்குள் பார்த்தான் கெரைன்ட். இரும்புச் சுவர் வழியாக வெளிச்சம் தெரிந்தது. ஓட்டை இல்லை. முட்டையை விளக்கில் காட்டினால் தெரியுமே, அப்படி. மங்கலாக, சிவப்பாக.

சம்மட்டியால் அடித்து உடைத்தார்கள். துண்டுகளைச் சாக்கில் கட்டி, படகில் போய் அணையின் நடுவில் போட்டார்கள். ஆல்வின் வண்டியை விற்றுவிட்டான். போட்டிக்கு வரவில்லை. அதனால்தான் அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது.

“அப்புறம்?” என்றான் ரோட்ரி. இப்போது அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

அப்புறம் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் அமைதி. போன செவ்வாய்க்கிழமை கெரைன்ட் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறான். ஆல்வின் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தான். அணைக்கவிடவில்லை. பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினான்.

“என்னடா, பல்வலியா?”

ஆல்வின் கையை எடுத்தான். ஒன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் ஒன்று உடைந்தது அவனுக்கு. கல்யாணப் படத்தில்கூட உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்பான். அந்த உடைந்த முனை இப்போது இல்லை. வளைவாக, வழவழவென்று, கண்ணாடி மாதிரி இருந்தது.

“எந்த டாக்டர்கிட்ட போன?” என்று கேட்டிருக்கிறான் கெரைன்ட்.

“போகலை,” என்றான் ஆல்வின். “இன்னிக்குக் காலையிலேர்ந்து... பக்கத்துப் பல்லும் கூசுது.”