பாட்டுக்காரம்மாவுக்கு எடுத்த சேலை

மேளக்காரங்க நாலு பேரு. பாட்டுக்கார நஞ்சம்மா ஒண்ணு, அஞ்சு. செத்துப்போன பாஞ்சாலி ஆயாவோட பசங்க மூணு, எட்டு. மருமவளுங்க மூணு, பதினொண்ணு. ஐஸ் பொட்டிக்காரரு பன்னெண்டு, பந்தல்காரரு பதிமூணு. சேர்ல ஒக்காந்திருந்த ஆம்பளைங்க பத்தொம்பது, ஆச்சா, முப்பத்திரெண்டு. கீழ ஒக்காந்திருந்த பொம்பளைங்க இருபத்தாறு. ஆக மொத்தம் அம்பத்தெட்டு. ஆயாவ நான் கணக்குல சேக்கல. அம்பத்தெட்டு பேரு கூடியிருக்கற எடத்துல ஒருத்தராச்சும், ஒரே ஒருத்தராச்சும், 'யாருங்க நீங்க?'ன்னு கேக்க வேணாமா பாய்? என்ன ஊருங்க இது!

நீங்களுந்தான். ஆமா, உங்களையுந்தான் சொல்றேன். முந்தின வாரம் புதங்கெழம இதே கல்லா முன்னாடி நின்னு ஒரு சேல எடுத்தனே... பச்ச நெறம், அரக்கு பார்டரு... 'யாருக்குங்க?'ன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

என்ன? கேட்டீங்களா?

ம்ம்... கேட்டீங்க, கேட்டீங்க. 'வூட்டுக்கு'ன்னு நான்தான் சொன்னேன். பின்ன என்னத்தச் சொல்றது? அறுபத்தெட்டு வயசு, பொண்டாட்டி போயி ஆறு வருசம். 'பாட்டு பாடற அம்மா ஒருத்தருக்கு'ன்னு வாயத் தொறந்து சொல்ல முடியுமா? கடையில அப்ப ஏழு பொம்பளைங்க நின்னாங்க. எனக்கு பொதுவாவே நாலு பேரு முன்னாடி பேச்சு வராது பாய். கூச்ச சுபாவம். ஒரு எடத்துக்குப் போனா வாயத் தொறக்க மாட்டேன்.

ஏன் சிரிக்கறீங்க? உங்ககிட்ட பேசறது கணக்குல வராது.

அந்தம்மா என்னமோ கேக்கறாங்க பாருங்க, நைட்டியாம். எடுத்துக் காட்டுங்க, எடுத்துக் காட்டுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல.

...ஆங், எங்க வுட்டேன்? சேலம். சேலத்துல லாரி புக்கிங் ஆபீஸ்ல மூட்ட எண்ணறதுதான் எனக்கு வேல. முப்பத்தொரு வருசம். படிப்பு எட்டாவதோட சரி. ஆனா சாயங்காலம் ஆறு மணி ஆச்சின்னா எந்தக் கோயில்ல கச்சேரி, எந்த மண்டபத்துல நாதஸ்வரம்னு தேடிப் போயிடுவேன். மூணாவது வரிச, தூண் ஓரம். யாரும் பாக்க மாட்டாங்க, யாரும் பேச மாட்டாங்க, நல்லா காதுல வுழும். அப்பிடி இருந்தவன். எம்பொண்ணு எழிலரசிக்கு இங்க தாலுக்கா வேலைக்கி மாத்தலாயி, 'அப்பா தனியா இருக்க வேணாம், வா'ன்னு கடத்தூருக்கு இட்டாந்துட்டா. எட்டு மாசம் ஆச்சு. எட்டு மாசத்துல ஒரு சுதி சத்தம் கேட்டிருப்பனா?

கேக்காத எடமில்ல. டீக்கடையில கேட்டேன், 'பாட்டுங்களா? அதான் போன்ல இருக்குதே'ன்னாங்க. எழிலு என்னை ஊரு வாட்ஸப்பு குருப்புல சேத்து வுட்டா. அதுல காலையில பூவு, மத்தியானம் மரவள்ளி வெல, ராத்திரி பூவு. அரூர்ல சனிக்கெழம பாட்டு கிளாஸ் நடக்குதுன்னு ஒருத்தரு சொன்னாரு. பஸ்ஸு ஏறிப் போயி நின்னா, பூரா பொடிசுங்க. கீபோர்டு தட்டுதுங்க. 'பேரன சேக்க வந்தீங்களா தாத்தா?'ன்னு டீச்சரம்மா கேட்டாங்க. எனக்கு ஏது பேரன்? இல்லன்னு சொல்ல வெக்கமா போயி, அப்ளிகேசன் பாரம் வாங்கிட்டு வந்துட்டேன். இன்னும் அந்தம்மா போன் பண்ணி, 'பேரனுக்கு ஒடம்பு தேவலையா?'ன்னு கேக்கறாங்க.

ஆமா, ஒடம்பு சரியில்லன்னும் நான்தான் சொன்னேன். வுடுங்க அத.

அப்பறம் ஒரு நாளு, பஸ் ஸ்டாண்டு பின்னாடி 'பிரபா ஆர்ட்ஸ்'னு போர்டு பாத்தேன். ஆர்ட்ஸ்னு போட்டா உள்ள ஆர்ட்டிஸ்டு இருக்கணுமா இல்லயா? ஆச ஆசயா உள்ள போனேன். பாத்தா பிளெக்ஸு அடிக்கற கட. பிரபாகர்னு ஒரு பையன், கம்ப்யூட்டர்ல ஒரு கெழவனாரு மொகத்துல சுருக்கத்த அழிச்சிக்கிட்டு இருந்தான். கண்ணீர் அஞ்சலி. எனக்கு வெளிய வரவும் கூச்சம், நிக்கவும் கூச்சம். 'இங்க பாட்டு, மேளம் ஏதாச்சும் நல்லா கேக்கற மாதிரி எங்க தம்பி நடக்கும்?'னேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கல. 'கல்யாணத்துக்கெல்லாம் இப்ப டீஜே சார். நெசமான மேளமும் பாட்டும் முழுசா கேக்கணும்னா எழவு வூட்டுக்குப் போங்க'ன்னுட்டான். பிளெக்ஸ காட்டி, 'சேதி மொதல்ல எனக்குத்தான் வரும். டெய்லி வந்து எட்டிப் பாருங்க, எந்த ஊருல, எந்த செட்டுன்னு சொல்றேன்'னான்.

சிரிக்காதீங்க பாய். ஒரு புது ஆளுக்கு இந்த ஊரு சொன்ன வழி அது ஒண்ணுதான்.

போனேன். மொத ரெண்டு எழவுக்கும் எதுத்தாப்புல டிரான்ஸ்பார்மர் ஓரமா நின்னேன். அங்கதான் நஞ்சம்மாவக் கேட்டேன். அடடா... என்ன கொரலு! சுதி பொட்டி கெடையாது, மைக்கு கரகரங்குது, ஆனா எடுத்த எடத்துலருந்து இம்மி நவுறல. வர்றவங்க ஒவ்வொருத்தரயும் பாத்து அந்த எடத்துலயே கட்டிப் பாடுது. பேரன் துபாய்லருந்து வீடியோவுல வந்தா, துபாயும் பாட்டுக்குள்ள வந்துருது! மேளம் அது மூச்சு வுடற எடத்துல மட்டும் பூந்து வெளாடுது. நான் சேலத்துல எவ்வளவோ கேட்டவன். ரெண்டு நாளும் எனக்கு வூட்டுக்குப் போயி சோறு எறங்கல.

சரி, இப்பிடி பாடறவங்கள சும்மா கேட்டுட்டுப் போறது மொறயா? எங்க ஊருல கச்சேரி முடிஞ்சா, பாடின அம்மாவுக்கு தட்டுல சேல வெச்சி, பூ வெச்சி மரியாத பண்ணுவாங்க. அதத்தான் நானும் நெனச்சேன். மூணாவது எழவு பாஞ்சாலி ஆயாவுது, அதே நஞ்சம்மா செட்டுன்னு பிரபாகர் சொன்னதும் உங்ககிட்ட சேல எடுத்தேன். கவர்ல குடுத்தா நல்லா இருக்காதுன்னு பாத்திரக் கடையில ஒரு தாம்பாளம். மஞ்ச, குங்குமம், ஒரு மால. எல்லாத்தயும் அழகா அடுக்கி, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு பாஞ்சாலி ஆயா தெருவுல தலைய குனிஞ்சி நடந்து வர்றேன்.

தலையில அடிச்சிக்கறீங்க இல்ல? உங்களுக்குத் தெரியிது. கேட்டா எழவுக்குப் போற ஆளு எல்லாருக்கும் தெரியுமாம். எனக்குத் தெரியலயே! சேலத்துல நான் போன எழவெல்லாம் மாலய போட்டுட்டு டீய குடிச்சிட்டு வர்ற எழவுதான்.

தெருமொனய தாண்டல, டம டமன்னு நாலு மேளமும் என்னப் பாத்து ஓடியாருது. எதுக்க நின்னு, குனிஞ்சி, நிமுந்து, ஒரு அடி அடிச்சாங்க பாருங்க... எனக்கு மயிர்க்கூச்செடுத்துப் போச்சு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ரசிகன்னு தெரிஞ்சிக்கிட்டாங்கன்னு நெனச்சேன் பாய்! டிரான்ஸ்பார்மர்கிட்ட ரெண்டு தடவ நின்னத கவனிச்சி வெச்சிருக்காங்க, கலைஞன் கலைஞன்தான்னு நெனச்சேன்! கண்ணுல தண்ணி வந்துருச்சு. அத பாத்துட்டு பொம்பளைங்க 'ஓ'ன்னு எழுந்து வந்து என் தோள புடிச்சி அழுவுறாங்க. 'வந்துருச்சே... ஆத்தாவுக்கு பொறந்த வூட்டு சேல வந்துருச்சே...' தட்டு எங்கையில இல்ல. எப்பப் போச்சின்னு தெரியல. சேலய பிரிச்சி ஐஸ் பொட்டிக்கு மேல போத்திட்டாங்க.

பாட்டுக்காரம்மாவுக்கு எடுத்த சேல, பொணத்துக்குப் போச்சு.

அப்பறந்தான் பக்கத்து சேர்ல இருந்தவரு சொன்னாரு. ஆயாவோட அண்ணன் நல்லம்பள்ளியில இருக்காராம், பச்சியப்பன்னு பேரு. ஏதோ கல்யாணப் பத்திரிகையில பேரு போடலன்னு இருவது வருசமா போக்குவரத்து கெடையாது. பொறந்த வூட்டு கோடிச்சேல வராம பொணத்த எடுக்கக் கூடாதாம். பசங்க காலையிலருந்து போன் போடறாங்க, அவரு எடுக்கல. மணி மூணு. பெரியவன் தமிழ்ச்செல்வன் தெருமொனயவே பாத்துக்கிட்டு நின்னானாம். அந்நேரம் பாத்து நான், தட்டோட!

எங்க ஒக்கார வெச்சாங்க தெரியுமா? தலமாட்டுல. மூணாவது வரிசயில தூண் ஓரம் ஒக்கார்ற மனுசன! நஞ்சம்மா என் முன்னாடி வந்து நின்னு, என் மொகத்த பாத்து, எனக்குன்னே எடுத்துச்சு:

'பச்ச நெறச் சேல வாங்கி பாத பாத்து வருவியின்னு
எட்டி எட்டிப் பாத்திருந்தேன், எங்கண்ணு மூடிருச்சே...
மூடுன கண்ணு மேல முந்தான போட வந்தே,
முன்னமே வந்திருந்தா மூஞ்சியப் பாத்திருப்பேன்...'

எத்தன பாட்டு கேட்டிருக்கேன் பாய், ஆயுசுல? எனக்குன்னு யாரு பாடியிருக்காங்க? நான் அழுத அழுவையில அந்த மூணு பசங்களும் என் காலண்ட வந்து ஒக்காந்துட்டானுங்க.

'அந்நேரமாச்சும் சொல்லியிருக்கலாமே'ங்கறீங்க. எங்க சொல்ல வுட்டாங்க? யாரு கேட்டாங்க? அதத்தான வந்ததுலருந்து சொல்றேன், அம்பத்தெட்டு பேருல...

...

சரி. ஒருத்தன் கேட்டான்.

தமிழ்ச்செல்வன்தான். பாட்டு நின்னப்ப குனிஞ்சி காதுல கேட்டான். 'தப்பா நெனச்சிக்காதீங்க, உங்கள நான் பாத்ததில்ல. மாமா அனுப்பிச்சாருங்களா?' நல்லா, மரியாதயா, ரகசியமாத்தான் கேட்டான். இல்லப்பான்னு சொல்லியிருந்தா அவன் யாருக்கும் தெரியாம என்ன எழுப்பி அனுப்பியிருப்பான். அப்பிடியாப்பட்ட பையன். நான் வாயத் தொறந்தேன். மேளக்காரங்க குச்சிய தூக்கிப் புடிச்சி நிக்கறாங்க. நஞ்சம்மா அடுத்த அடிக்கி மூச்சு இழுத்து வெச்சிருக்குது. 'ஆமாம்ப்பா'ன்னுட்டேன்.

பொய்யி. நான் பொய்யி சொன்னேன். கூச்சத்துல சொன்னன்னு எழிலுகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். கூச்சம் பாதிதான் பாய். மீதி, அந்தப் பாட்டு நின்னுறக் கூடாதுன்னு.

சரி, எழவோட போச்சுன்னு இருந்தேன். நேத்து தமிழ்ச்செல்வன் வூடு தேடி வந்துட்டான். ஸ்வீட்டு டப்பாவோட. 'மாமா, நல்லம்பள்ளி மாமா போன எடுத்துட்டாருங்க!'ங்கறான். இவன் அவருகிட்ட, 'நீங்க ஆளு அனுப்பிச்சி சேல போட்டீங்களே, அதுவே எங்களுக்குப் போதும்'னு சொல்லியிருக்கான். 'அதுக்கு அவரு என்ன சொன்னாரு?'ங்கறேன். 'சேல என்ன நெறம்?'னு கேட்டாராம். பச்சன்னிருக்கான். 'ம்... அவளுக்குப் பச்சதான் புடிக்கும். பதினாறாம் நாளுக்கு நானே வர்றேன்'னு வெச்சிட்டாராம்.

பாத்தீங்களா? அந்த மனுசனும் 'நான் அனுப்பல'ன்னு சொல்லல.

பதினாறு வியாழக்கெழம. ஆத்தாவுக்கு காரியம்னா பசங்களுக்கு தாய்மாமன் வூட்டுலதான் உருமா, அதான் தலப்பா, கட்டணுமாம். 'இருவது வருசம் கழிச்சி வர்றவருகிட்ட அத வேற வாங்கிட்டு வாங்கன்னு சொல்ல வாய் வர்ல, நீங்களே எடுத்துட்டு வந்துடுங்க மாமா'ன்னான் தமிழ்ச்செல்வன். நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனக்கறீங்க?

சரின்னுட்டேன்.

எழிலு என்ன காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சிட்டா. 'உண்மைய சொன்னா மூணு வார்த்த, சொல்லாம வுட்டா மூணு ஊரு'ங்கறா. நேத்து ராத்திரி பூரா சேலத்துக்கு ஓடிப் போயிறலாமான்னுதான் நெனச்சேன். பையில ரெண்டு சட்ட கூட எடுத்து வெச்சிட்டேன். ஆனா நான் போயிட்டா, அந்தப் பெரியவரு தெருமொனயில தனியா வந்து நிப்பாரு. 'அன்னிக்கி வந்த உங்க ஆளு எங்க?'ன்னு அத்தன பேரும் கேப்பாங்க. அவரு என்ன சொல்லுவாரு? இல்லன்னு சொன்னா தங்கச்சிக்கு கோடி போடாத அண்ணன். மறுபடி கோவிச்சிக்கிட்டு நல்லம்பள்ளிக்கு பஸ்ஸு ஏறிருவாரு. அந்தப் பசங்களுக்கு தாய்மாமன் மறுபடி இல்லன்னு ஆயிரும். என்னாலதான் ஆவும்.

அதனால வியாழக்கெழம காலையில நான் பஸ் ஸ்டாண்டுல போயி நிக்கப் போறேன். தர்மபுரி பஸ்ஸு ஒவ்வொண்ணயும் பாத்து, எறங்கற பெரியவருங்க ஒவ்வொருத்தரயும் நிறுத்தி, 'நல்லம்பள்ளிங்களா, பச்சியப்பனுங்களா?'ன்னு நானே கேக்கணும். நெனச்சாலே நாக்கு ஒட்டிக்குது. கேட்டுட்டு, நடந்தத நடந்தபடி அவருகிட்ட சொல்லணும். திட்டினா வாங்கிக்கணும். உருமா தட்ட அவரு கையில குடுத்துடணும்.

ஆங், அந்த வெள்ளதான். நல்லா நீளமா இருக்கணும். பெரியவனுக்கு தல பெரிசு. மூணு போதும். எண்ணி வையிங்க, ஒண்ணு... ரெண்டு... மூணு. ஜரிக வேணாம், காரியத்துக்குப் போறது.

பதினாறுக்கும் அதே செட்டத்தான் சொல்லியிருக்காங்களாம். தட்ட பாத்ததும் மேளம் ஓடியாரும். அவரு முன்னாடி போவாரு, எதுக்க நாலு மேளம், நஞ்சம்மா அவரு மொகத்த பாத்துப் பாடும். அவருக்குப் பாடவேண்டியத நான் ஒரு தடவ கேட்டுட்டேன், போதும். தெருமொனயிலருந்து அவங்க எல்லாரும் முன்னாடி போயிட்டா, பின்னாடி மிச்சம் ஒரே ஆளு, நான், ஓரமா நின்னு கேக்கறதுக்கு.