நெட்டையும் பூனையும்

கவுந்து படுங்க சார், கை ரெண்டையும் தளர்த்தித் தொங்க விடுங்க. ஆங், அப்படித்தான். இந்த இடம்தானே? வந்து முழுசா ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள முதுகு இப்படின்னா, அவங்க ரெண்டு பேரும் உங்களை என்ன பாடு படுத்தியிருப்பாங்கன்னு கேக்கவே வேண்டாம்.

சேர்ந்து ஆட முடியுமான்னா? நல்லா கேட்டீங்க. உங்களுக்கு முன்னாடி மூணு கோச், இதே மேசையில படுத்துக்கிட்டு இதையேதான் கேட்டாங்க. மொத ஆள் நெட்டையை நடுவுல நிறுத்தி பூனையை இடது ஓரத்துக்குத் தள்ளினார். அடுத்தவர் பூனையைப் பின்னால இறக்கிப் பார்த்தார். மூணாவது ஆள் பாவம், வெளியூர் ஆட்டத்துக்குப் போனப்போ ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல தங்க வச்சார். விடிஞ்சு பார்த்தா ரூம்ல ஒரு கண்ணாடிகூட மிஞ்சல. நீங்க இன்னிக்குப் பலகையில வட்டம் வட்டமா போட்டு அம்பு விட்டீங்களே, நானும் கதவோரமா நின்னு பார்த்தேன். நல்ல கை சார் உங்களுக்கு. வட்டம் வட்டமாவே வருது.

சேச்சே, கிண்டல் இல்ல. அவங்களால முடியும் சார். முடிஞ்சுச்சு. நீங்கதான் பார்க்கல.

இங்க வந்த மொத ரெண்டு வருஷம் பார்த்திருக்கணும். நெட்டை கோலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பான். ரெண்டு பேர் அவன் சட்டையைப் புடிச்சுத் தொங்குவாங்க. பந்து வரும். திரும்பிக்கூட பார்க்க மாட்டான், குதிகாலால சும்மா ஒரு தட்டு. அந்த இடத்துல ஆளே இருக்காது. எவனுக்குக் கொடுக்கிறான் இவன்னு நாம நினைக்கிறதுக்குள்ள பூனை அங்க இருப்பான். ஓடி வர்ற சத்தம்கூட கேக்காது, அதனாலதான் அந்தப் பேரே. ஒருத்தனைப் புடிச்சா இன்னொருத்தன் உள்ள போயிடுவான். எதிர் டீம் பசங்க யாரைப் புடிக்கிறதுன்னு ஆட்டத்துக்கு நடுவுலேயே சண்டை போட்டுக்குவாங்க. நான் பந்தைத் தொட்டவன் இல்ல சார், காலைத் தொட்டவன். நானே துண்டைக் கையில வச்சுக்கிட்டு வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பேன்.

எப்படின்னா, ரெண்டும் ஒரே தெரு. ஒரு பட்டறைக்குப் பின்னால இருந்த சுவத்துல அடிச்சு அடிச்சுப் பழகினதுங்க. பூனைக்கு அப்பா இல்ல. நெட்டையோட அப்பாதான் ரெண்டு பேரையும் சைக்கிள்ல முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு வச்சு மைதானத்துக்கு மிதிப்பாராம். பூனை மொதல்ல போட்ட பூட்ஸ் அவர் வாங்கிக் கொடுத்தது. அந்த மனுஷன் செத்தப்போ பூனை போகல. அங்க ஆரம்பிச்சதுதான் இது.

ஆமா, போகல. ஊருக்கே தெரியும். நாங்க எல்லாரும் போயிருந்தோம், நிர்வாகத்துல இருந்து வந்தாங்க, எதிர் டீம் கேப்டன்கூட வந்தான். நெட்டை வாசப்படியில உக்காந்து தெருமுனையவே பார்த்துக்கிட்டு இருந்தான். நேரமாச்சு, எடுக்கலாமான்னு யாரோ கேட்டா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்கிறான். கடைசியில அவங்க மாமா சத்தம் போட்டு எடுக்க வச்சார். அதுக்கப்புறம் மைதானத்துல நெட்டை கால்ல இருந்து ஒரு பந்து பூனைக்குப் போகல. பூனையும் கேக்கல.

போன வருஷக் கடைசி ஆட்டம்? டிவியில பார்த்தீங்களா? டிவியில பாதிதான் தெரியும். ஒண்ணுக்கு ஒண்ணு, இன்னும் நாலு நிமிஷம். நெட்டைகிட்ட பந்து. கோல்கீப்பர் அவன் மேல பாய்ஞ்சு வந்துட்டான். அஞ்சடி தள்ளி பூனை, முன்னால வெறும் கோல். குருடன் தட்டினாலும் உள்ள போகும். மைதானமே குடு குடுன்னு கத்துது. நெட்டை நிமிர்ந்து பூனையைப் பார்த்தான் சார். நல்லா பார்த்தான். பார்த்துட்டுத் தானே அடிச்சான். வெளியில போச்சு.

பூனை கத்தல. நடந்து வந்து அவன் முகத்துக்கு நேரா நின்னு, நல்ல வேளைடா, உங்கப்பன் இதைப் பார்க்காம செத்துட்டான்னான். நெட்டை மண்டையால முட்டினதுதான் டிவியில வந்தது. மூணு பல்லு. புல்லுல தேடிப் பொறுக்கினது நான். ஒண்ணு கிடைக்கவே இல்ல.

இருங்க, இந்தத் தோள்பட்டைக்குக் கீழ ஒரு முடிச்சு இருக்கு. வலிக்கும். பொறுத்துக்கங்க.

பூனை ஏன் போகலன்னா கேக்குறீங்க? பரவாயில்ல சார், மூணு பேர்ல ஒருத்தர்கூட இதைக் கேக்கல. எல்லாரும் யாரை எங்க நிறுத்தலாம்னுதான் கேட்டாங்க.

அவன் வந்தான் சார்.

நெட்டையோட போன் ரெண்டு நாளா அணைஞ்சு கிடந்தது. பூனையோட குழந்தைக்கு அன்னிக்குக் காலைல காய்ச்சல்ல வலிப்பு வந்துடுச்சு, ஆஸ்பத்திரியில நிக்கிறான். எனக்கு போன் பண்ணினான். அண்ணே, நீங்க முன்னாடி போறீங்கல்ல, மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன், நான் முகம் பார்க்காம அப்பாவை எடுக்க வேண்டாம்னு சொல்லுங்கண்ணேன்னு அழுதான். சரி தம்பின்னேன். போய் நெட்டை பக்கத்துலதான் உக்காந்தேன். சொல்லல.

மத்தியானம் ஓட்டமா ஓடி வந்தான். தெருமுனை திரும்புறதுக்கு முன்னாடியே நான் போய் நிறுத்திட்டேன். தம்பி, வேண்டாம், காலைலேயே வரலன்னு உன் முகத்துல முழிக்க மாட்டேங்கிறான், பிணத்தை வச்சுக்கிட்டு ரகளை வேண்டாம், அப்புறமா நான் பேசி வைக்கிறேன்னேன். அந்தப் பட்டறைச் சுவத்தோரமா கொஞ்ச நேரம் நின்னான். நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்து அனுப்பி வச்சேன். திரும்பி வந்து நெட்டைக்குத் தண்ணி கொடுத்தேன்.

எந்திரிக்காதீங்க சார், சுளுக்கிக்கும்.

அதுக்கப்புறம் பெரிசா ஒண்ணும் செய்ய வேண்டியிருக்கல. கவுந்து படுத்திருக்கிறவன் காதுல எது விழுந்தாலும் ஏறும். இவனுக்கு ஒரு வார்த்தை, அவனுக்கு ஒரு வார்த்தை. அந்த வெறும் கோலுக்குக்கூட நெட்டைகிட்ட நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். தம்பி, இன்னிக்குக் கோல் போட்டா பூனை அது உங்கப்பாவுக்குன்னு சொல்லி அழப் போறானாம், கேமராவுக்கு முன்னாலன்னு.

ஏனா? அவங்க சேர்ந்து ஆடின காலத்துல, லீக் கோப்பை ஜெயிச்ச அன்னிக்கு என் மகளைக் கூட்டிட்டு வந்திருந்தேன். பன்னெண்டு வயசு. அப்பா எங்க வேலை பார்க்கிறார்னு பார்க்கணும்னு ஒரே அடம். புதுச் சட்டை போட்டு மொத வரிசையில உக்கார வச்சிருந்தேன். இவங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமா என்னைத் தூக்கினாங்க. அழுக்குத் துணி போடுற கூடை, சக்கரம் வச்சது இருக்கு பாருங்க, அதுல தலைகீழா போட்டு, மேல வேர்த்த சட்டையெல்லாம் கொட்டி, மைதானத்தை ஒரு சுத்து தள்ளிட்டு வந்தாங்க. இருபதாயிரம் பேர். கேமரா கூடவே ஓடி வருது. என் கால் ரெண்டும்தான் வெளிய தெரிஞ்சுச்சாம்.

விளையாட்டுக்குத்தான் சார். அவங்க மனசுல ஒண்ணும் இல்ல. மறுநாளே மறந்துட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, அதுகூட எனக்குப் பெரிசில்ல. கூடையை நிறுத்தி என்னைத் தூக்கி விட்டப்போ என் மகளைத்தான் பார்த்தேன். வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. இப்பவும் வீட்டுக்கு யாராவது வந்தா அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுறா.

போய்ச் சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. நேத்து நெட்டை படுத்திருந்தப்போ சொன்னேன், புது கோச் ஏதோ கதை கட்டி, மசாஜ்காரன் தலையில பழியைப் போட்டு உங்களைச் சேத்து வைக்கப் போறாராம் தம்பின்னு. பூனைகிட்ட முந்தாநாளே சொல்லியாச்சு. அண்ணே உங்களைப் போயான்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி கோபப்பட்டாங்க சார். மூணு வருஷத்துல அவங்க ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்துலதான்.

மத்த மூணு பேருக்கும் பெட்டி கட்டிக்கிட்டுப் போற அன்னிக்குத்தான் சொன்னேன். அதுல எனக்கு ஒண்ணும் கிடைக்கல. போயிட்டாங்க. உங்களுக்கு இன்னும் ஒரு முழு சீசன் இருக்கு. ஒவ்வொரு ஆட்டமும் கோட்டோரமா நின்னு, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுப் பார்ப்பீங்கல்ல? நானும் பக்கத்துலதான் துண்டோட நிப்பேன்.

சட்டையைப் போட்டுக்கங்க சார். பூனை கதவைத் தட்டுறான் பாருங்க. வா தம்பி வா, முடிஞ்சுது. சார் கிளம்பிட்டார்.