கேமரா ஓட்டையை நடுவில் வெட்டியது பற்றி

என் பெயரையும் வீட்டு முகவரியையும் காவல் ஆய்வாளர் முதல் தாளில் எழுதிக்கொண்டார். வயது நாற்பத்தொன்று. செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும் கவர் வெட்டித் தைத்து விற்பது தொழில். கடைத்தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, கவர் அக்கா என்றால் கைக்குழந்தைகூடக் கடையைக் காட்டும். என்னை யாரும் மிரட்டி இங்கே வரவழைக்கவில்லை. என் தம்பியைத் தொழில் ரகசியம் திருடியதாகச் சொல்லி இந்த நிலையத்தில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு நானாகவே வந்தேன். அவன் எதையும் திருடவில்லை, யாரிடமும் எதையும் சொல்லவில்லை. நடுநடுவே தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள்.

தம்பி என்னோடும் என் கணவரோடும் ஒரே வீட்டில் இருக்கிறான். இன்னும் விற்பனைக்கு வராத புது டேப்லெட்டைத் தயாரிக்கும் தொழிற்சாலையில், முடிந்து வரும் டேப்பைத் துடைத்துத் தட்டில் அடுக்குவது அவன் வேலை. உள்ளே பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் சேர்ந்தான். அதை அவன் காப்பாற்றிய அழகு எங்களுக்கே எரிச்சலாக இருக்கும். கேன்டீனில் இன்று என்ன போட்டார்கள் என்று என் கணவர் கேட்டால்கூட, அதெல்லாம் கேட்காதீர்கள் மாமா என்று எழுந்து போய்விடுவான்.

எங்கள் தொழிலில் புது டேப் வெளிவரும் அன்றே அதற்கான கவரும் கடையில் தொங்க வேண்டும். டேப் கைக்கு வந்த பிறகு அளந்து வெட்டினால், வாங்க வேண்டியவர்கள் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஆகவே வதந்தியை வைத்தே வெட்டுவோம். ஊரில் பேசிக்கொள்ளும் நீள அகலத்துக்கு ஒரு வெறும் பலகை செய்து, அதன்மேல் கவரைப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பலகைக்கு டம்மி என்று பெயர். இந்த முறையும் அப்படித்தான் செய்தேன். நீள அகலத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பின்பக்கக் கேமரா எப்போதும்போல மூலையில்தான் இருக்கும் என்று எல்லாக் கடைக்காரர்களும் மூலையில் ஓட்டை போட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கடையில் செல்போன் பழுது பார்ப்பவரைத் தெருவில் ஜோசியர் என்று கூப்பிடுவோம். வரப்போகும் டேப்பில் என்னென்ன இருக்கும் என்று வீடியோ போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. இந்த டேப் இரண்டாக மடங்கும், வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறும், பேனா அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் என்றெல்லாம் சொல்லியிருந்தார். அவர் சொன்னதெல்லாம் நடந்தால் அது துணியும் துவைத்துவிடும் என்று நான் கேலி செய்ததுண்டு. அவருக்கும் என் தம்பிக்கும் பேச்சுவார்த்தைகூடக் கிடையாது.

அதன் பிறகு, டம்மியை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். வேலை முடிந்து வந்த தம்பி, தட்டு வைக்க இடம் வேண்டி அதை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். பலகையை யாரானாலும் மூலையைப் பிடித்துத் தூக்குவோம், என் கணவரும் அப்படித்தான் தூக்குவார். தம்பி இரண்டு கையாலும் எடுத்தான், வலது கை நீளப் பக்கத்தின் நடுவில் பிடித்தது. ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் மட்டும் அடியில் தாங்கின. நடுவில் உள்ள இரண்டு விரல்களும் பலகையில் படாமல், சூடான பாத்திரத்தைத் தொட்டவை போல மடங்கி நின்றன. பின்பக்கத்தில் விரல் ரேகை படக்கூடாத இடம் கேமரா ஒன்றுதான் என்பது என் தொழிலில் உள்ள யாருக்கும் தெரியும். கேமரா மூலையில் இல்லை, நடுவில் இருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்தது.

அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் டம்மியை அவன் தட்டு வைக்கும் இடத்தில் வைத்தேன், வேண்டுமென்றேதான் வைத்தேன். அதே விரல்கள் அதேபோல மடங்கின. அதற்கடுத்த நாளும் வைத்தேன். "அக்கா, இதை வேற எங்கயாவது வையேன், தினமும் இதைத் தூக்கறதே வேலையா இருக்கு" என்று சலித்துக்கொண்டான். தன் கை என்ன செய்தது என்று அவனுக்குத் தெரியாது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு நான் கேமரா ஓட்டையை நீளப் பக்கத்தின் நடுவில் வெட்டிக் கவர்களைக் கடையில் தொங்கவிட்டேன். ஊரே மூலையில் ஓட்டை போடும்போது உனக்கு மட்டும் ஏன் இந்த வேண்டாத வேலை என்று கணவர் கேட்டதற்கு, மனதில் பட்டது என்றேன். ஜோசியர் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்து, கேலி செய்வதற்காகப் படம் பிடித்து வீடியோவில் போட்டார். அந்தப் படத்தைப் பார்த்து, கடைக்காரியின் தம்பி தங்களிடம் வேலை செய்வதைக் கண்டுபிடித்துத்தான் கம்பெனியார் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது.

அதன் பிறகு தம்பி ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. தொழிற்சாலை வாசலில் விசாரித்தபோது காவலாளி என் முகத்தைப் பார்க்காமல், அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். டம்மியைப் பையில் போட்டுக்கொண்டு நேரே இங்கே வந்து, மேலே சொன்னதை ஆய்வாளரிடம் சொன்னேன்.

ஆய்வாளர் நம்பவில்லை. இந்த மாதிரிக் கதையை இருபது வருடத்தில் கேட்டதில்லை என்றார். அறையின் ஓரத்தில் கம்பெனி சார்பில் வந்த ஒருவர் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் டம்மியை மேசைமேல் வைத்துவிட்டுத் தம்பியை அழைத்து வரச் சொன்னார். நான் வாய் திறக்கக் கூடாது, சைகையும் காட்டக் கூடாது என்று எச்சரித்தார். தம்பி தொழிற்சாலைச் சட்டையோடே வந்தான், காலில் செருப்பு இல்லை. டீ வருகிறது, அந்தப் பலகையை எடுத்து அலமாரியில் வை என்று ஆய்வாளர் சாதாரணமாகச் சொன்னார். பயத்தில் அவன் வேறு மாதிரி பிடித்துவிட்டால் நான் சொன்னது முழுக்கப் பொய்யாகிவிடுமே என்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பிடித்தான். இரண்டு விரல்களும் மடங்கின.

ஆய்வாளர் தலையை அசைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. வீட்டில் அவனுடைய இடது கை சுவர்ப் பக்கம் இருக்கும், நான் கவனித்ததில்லை. இங்கே அது ஜன்னல் பக்கம் இருந்தது. இடது கைக் கட்டைவிரலும் ஓரிடத்தைத் தொடாமல் விலகி நின்றதைப் பார்த்தேன். நான் பார்த்ததைக் கம்பெனி ஆளும் பார்த்துவிட்டார். அவர் எழுந்து நின்றார், முகம் வெளுத்திருந்தது. எந்த ஜோசியரும் இதுவரை சொல்லாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை என்று எழுதிக்கொள்ளும்படி ஆய்வாளரைக் கேட்டேன், நடந்ததைத்தான் எழுத முடியும் என்றார். அது எந்த இடம் என்பது கம்பெனி ஆள் கேட்டுக்கொண்டதால் இதில் எழுதப்படவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னார். அவன் தன் விரல்களை விரித்துப் பார்த்தான். "நான் ஒண்ணுமே சொல்லலையேக்கா" என்றான். "நீ சொல்லலடா, நீ சொல்லவே இல்ல" என்று சொன்னேன். இவன் திருடவில்லை என்பதை ஒப்புக்கொள்வதாகக் கம்பெனி ஆள் ஆய்வாளரிடம் தெரிவித்தார். ஆனால் டேப் வெளிவரும்வரை இவனை வெளியே விடக் கூடாது என்றார். "வெளிய விட்டா யார் வேணும்னாலும் இவர் கையில ஒரு பலகையைக் குடுத்துப் பார்ப்பாங்க" என்றார். டேப் எப்போது வெளிவரும் என்று கேட்டேன். அதைச் சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்றார்.

அவனைக் காப்பாற்ற நான் சொன்னதே அவனை உள்ளே வைக்கக் காரணமாகிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. நடுவில் ஓட்டை போட்ட கவர்கள் எல்லாவற்றையும் ஆய்வாளர் முன்னிலையிலேயே வெட்டிப் போடத் தயாராக இருக்கிறேன். தம்பியை என்னோடு அனுப்பினால் டேப் வெளிவரும்வரை அவனுக்குச் சோற்றை நானே ஊட்டிவிடுகிறேன், அவன் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று உறுதி கூறுகிறேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியோ குறைத்தோ ஒரு சொல்லும் இல்லை. உண்மை என்று ஒப்பி என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)

குறிப்பு: உடன் இருந்தவர் என்ற முறையில் சாட்சிக் கையொப்பம் இடும்படி மேற்படி தம்பியிடம் பேனா நீட்டப்பட்டது. அவர் இரு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். பலமுறை சொல்லியும் வெளியே எடுக்கவில்லை.

(ஆய்வாளர்)