மூன்றாவது வரிசையில் இருந்தவர்

அன்று நூலகத்தின் இரண்டாம் மாடியில், சன்னலோரக் கணினியின் முன்னால் இருந்தவர்கள் மூன்று பேர். பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன். முப்பத்தைந்து வருடங்களாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் அவருடைய தம்பி. கருத்தரங்கக் கட்டுரைகளின் மின்தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் நூலகர் அம்மாள். நான்காவது ஆள் கிடையாது. தாமும் அங்கே இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அண்ணன்: ...வணக்கம்னு ஆரம்பிம்மா. "ஐயா, வணக்கம். இருபத்தேழு வருடங்களுக்கு முன் நடந்த லிஃப்ட் பாதுகாப்புக் கருத்தரங்கத்தில் என் தம்பி கேட்ட கேள்வியைத் தயவுசெய்து உடனே..."

நூலகர்: ஐயா, இது தேடுற பெட்டி. இதுக்கு வணக்கமெல்லாம் வேண்டாம். ரெண்டு மூணு வார்த்தை போதும்.

அண்ணன்: மரியாதையாக் கேட்டா மரியாதையாப் பதில் வரும். நான் சொன்னதை அப்படியே அடிம்மா.

நூலகர்: சரி... அடிச்சாச்சு. பாருங்க. "முடிவுகள்: பூஜ்யம்."

அண்ணன்: பூஜ்யமா? எங்க குடும்பத்துக்கா?

தம்பி: எந்தக் குடும்பம்னு அதுக்கு எப்படிண்ணே தெரியும்?

அண்ணன்: நீ சும்மா இரு.

நூலகர்: "லிஃப்ட்"னு மட்டும் போடறேன். இதோ... நாலாயிரத்து இருநூத்துப் பதினாறு கட்டுரை.

அண்ணன்: ஒரே நிமிஷத்துல பூஜ்யம் நாலாயிரமாச்சா? இது என்னம்மா, வாய்க்கு வந்ததைச் சொல்லுது!

தம்பி: விட்டுடுங்கண்ணே. நாலாயிரத்தை யாரு படிக்கிறது... மேடத்துக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.

நூலகர்: இதுதாங்க என் வேலை. காலையிலேருந்து இந்த மாடிக்கு வந்ததே நீங்க ரெண்டு பேருதான். ஒருத்தர் கழிவறை எங்கன்னு கேட்டுட்டுப் போனாரு, அவரைச் சேர்க்கல.

அண்ணன்: பாத்தியா, அந்தம்மாவே ஆசையாத் தேடறாங்க. உனக்கு என்ன நோகுது?

நூலகர்: ஆனா, எதுக்கு ஐயா இவ்வளவு அவசரம்?

அண்ணன்: லிஃப்ட் தொழிலாளர் சங்கத்துக்கு ஐம்பது வருஷம் நிறையுது. மலர் போடறாங்க. அதுல இவனைப் பத்தி முழுப் பக்கம். கட்டுரை நான் எழுதியிருக்கேன். தலைப்பு, "ஒரே கேள்வி."

நூலகர்: அடடே.

அண்ணன்: எழுதிக் குடுத்தா, மலர் ஆசிரியர்னு ஒரு பொடியன் எனக்கே போன் போட்டு, "ஆதாரம் இருக்கா சார்?"ங்கிறான். கேள்வியோட வாசகமும் பக்க எண்ணும் இன்னிக்கு நாலு மணிக்குள்ள போய்ச் சேரணுமாம். இல்லேன்னா அந்தப் பக்கம் ஆயில்கேனுக்கு.

நூலகர்: எதுக்கு?

தம்பி: ஆயில்கேன்னு எங்க சங்கத்துல ஒருத்தர் மேடம். எது ரிப்பேர்னாலும் எண்ணெய் விட்டாச் சரியாயிடும்பாரு.

அண்ணன்: அவன் போட்டோவைப் பாதிப் பக்கத்துக்குப் போடுவாங்களாம். என் தம்பி இடத்துல! நான் சம்பந்தி வீட்டுக்கு நாலு பிரதி தர்றேன்னு சொல்லியாச்சு. இப்ப இல்லேன்னா எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல நிப்பேன்?

தம்பி: அவங்க மறந்திருப்பாங்கண்ணே.

அண்ணன்: மறக்க விடுவேனா? போன வாரம்கூட ஞாபகப்படுத்தினேன்.

நூலகர்: சரி, இவரு கட்டுரை எந்தத் தலைப்புல?

அண்ணன்: கட்டுரையா? கட்டுரை வாசிக்கிறவன் தெருவுக்குப் பத்துப் பேரு. கேள்வி கேட்டவன் இவன் ஒருத்தன். கேட்டுக்கோம்மா. அவரு பெரிய பேராசிரியர். முக்கால் மணி நேரம் மழை மாதிரி கொட்டறார். எரநூறு பேர், அத்தனை பேரும் நிபுணருங்க. கடைசி வரிசையில பார்வையாளரா இருந்த இவன் எந்திரிச்சான். ஒரே கேள்வி. பேராசிரியர் வாயடைச்சுப் போயிட்டார். மண்டபமே கப்சிப்.

நூலகர்: நீங்க கூட இருந்தீங்களா?

அண்ணன்: மூணாவது வரிசை. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்.

நூலகர்: அப்ப என்ன கேள்வின்னு உங்களுக்கே தெரியுமே. அதுல ஒரு வார்த்தை சொன்னா வசதியா இருக்கும்.

அண்ணன்: அது... தொழில்நுட்பக் கேள்விம்மா. நான் சரித்திர வாத்தியார்.

நூலகர்: நீங்க சொல்லுங்க. கேட்டவர் நீங்கதானே?

தம்பி: மறந்துபோச்சு மேடம்.

அண்ணன்: பாத்தியாம்மா அடக்கத்தை! இருபத்தேழு வருஷமா இதே பதில்தான். நான் கேட்டாலும் இதே, அவன் பொண்டாட்டி கேட்டாலும் இதே.

தம்பி: கயிறுன்னு ஏதோ கேட்டிருப்பேன். இல்ல பிரேக்கா இருக்கும்... விடுங்களேன்.

நூலகர்: சரி, வருஷத்தைப் போட்டு வடிகட்டுறேன். நாலாயிரம்... நூத்தி எழுபது ஆச்சு. கருத்தரங்கு பேரைப் போட்டா... முப்பத்தெட்டு. பேராசிரியர் எதைப் பத்திப் பேசினாரு?

அண்ணன்: திடீர்னு நின்னா லிஃப்ட் எப்படி ஆடும்னு.

நூலகர்: ம்ம்... இதோ. "அவசர நிறுத்தத்தின்போது கூண்டில் ஏற்படும் அதிர்வுகள்." பதினாலு பக்கம்.

அண்ணன்: அவரேதான்! ஓட்டும்மா, கடைசிக்கு ஓட்டு. கேள்வி எங்க?

நூலகர்: இதுல இல்லீங்க. இது கட்டுரை மட்டும்தான்.

தம்பி: இல்லையா? சரி, அப்பப் புறப்படுவோம். வாங்கண்ணே, நாலரை பஸ் பிடிச்சா...

அண்ணன்: மணி மூணுகூட ஆகல. உக்காரு.

நூலகர்: கேள்வி பதிலை எல்லாம் அமர்வு முடிவுல தனியாச் சேர்த்திருப்பாங்க. ஆனா அது பழைய புத்தகத்தை அப்படியே படம் பிடிச்சுப் போட்டது. தேடினா சிக்காது. ஒவ்வொரு பக்கமாப் புரட்டணும்.

தம்பி: முடியவே முடியாது மேடம். எத்தனை பக்கமோ!

நூலகர்: நாற்பத்தாறு.

அண்ணன்: புரட்டும்மா.

நூலகர்: முதல் நாள்... இது வேற அமர்வு. இதுவும்... ஐயோ, இந்தப் பக்கத்துல யாரோ காபி கொட்டியிருக்காங்க.

தம்பி: அந்தப் பக்கமாத்தான் இருக்கும். போச்சு.

அண்ணன்: ஏன்டா, தேடறதுக்கு வந்தியா, தேடறதைக் கெடுக்க வந்தியா?

நூலகர்: இங்க ஒருத்தர் கேள்வி ரெண்டு பக்கத்துக்குப் போகுது. கதவுத் தடத்துக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்...

அண்ணன்: ஆயில்கேன்! அவனும் வந்திருந்தானா? ரெண்டு பக்கமா? தாண்டு, தாண்டு, அதைப் படிக்காதே.

தம்பி: நல்ல கேள்விண்ணே அது. பேசாம அந்தப் பக்கத்தை அவருக்கே விட்டுக்குடுத்திடுவோம். பாவம், போட்டோகூட எடுத்து வெச்சிருக்காரு.

அண்ணன்: விட்டுக்குடுக்கறதா? டேய், அப்பா செத்தப்ப உனக்குப் பதினொரு வயசு. படிப்பு ஏறல, ஸ்பேனரைத் தூக்கிட்ட. "வாத்தியார் தம்பி கிரீஸும் கையுமா நிக்கறான்"னு என் காதுபடப் பேசினவனுங்க உண்டு. அவனுங்க வாயை எது மூடுச்சு? இந்த ஒரு கேள்விதான். இதை எப்படிடா விட்டுக்குடுப்பேன்?

தம்பி: அதுக்கில்லண்ணே...

அண்ணன்: புரட்டும்மா.

நூலகர்: முன்னூத்திப் பத்து... பதினொண்ணு... இருங்க. இதோ இருக்கு. உங்க பேருதான். "லிஃப்ட் மெக்கானிக், பார்வையாளர்." பக்கம் முன்னூத்திப் பன்னிரண்டு.

அண்ணன்: எந்திரிடா.

தம்பி: எதுக்கு?

அண்ணன்: உன் கேள்வியை வாசிக்கப் போறாங்க. உக்காந்துக்கிட்டா கேப்ப? எந்திரி. சட்டைப் பொத்தானைப் போடு.

நூலகர்: ஐயா... வாசிக்கணுமா?

தம்பி: வேண்டாம் மேடம். கண்ணு வேற வலிக்கும் உங்களுக்கு.

அண்ணன்: கணீர்னு வாசிம்மா.

நூலகர்: "மன்னிக்க வேண்டும் ஐயா. நீங்கள் பேசத் தொடங்கியதிலிருந்து, வெளியே இருக்கும் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே இருந்து ஒருவர் தட்டிக்கொண்டே இருக்கிறார். இங்கே யாருக்குமே கேட்கவில்லையா?"

தம்பி: அண்ணே... தண்ணி குடிக்கறீங்களா?

அண்ணன்: அவ்வளவுதானா? அதுக்கப்புறம்?

நூலகர்: "பேராசிரியர்: பதில் இல்லை. அமர்வு ஒத்திவைக்கப்பட்டது."

அண்ணன்: என்ன? பதில் இல்லைன்னா போட்டிருக்கு?

நூலகர்: ஆமாங்க. பதில் இல்லை.

அண்ணன்: நான் என்ன சொன்னேன்? வாயடைச்சுப் போயிட்டார்னு சொன்னேனா இல்லையா? ஒரு எழுத்து பிசகுச்சா?

நூலகர்: இல்லைதான்...

அண்ணன்: எரநூறு நிபுணர் உக்காந்து லிஃப்ட் பாதுகாப்பு பேசறாங்க, வாசல்ல லிஃப்ட் தொங்குது. ஒருத்தன் காதுலயும் விழல. எங்க வீட்டுப் பையன் காதுல விழுந்துது!

நூலகர்: நெஜமாவே பெரிய கேள்விதாங்க. முப்பத்தெட்டுக் கட்டுரைக்கும் சேர்த்து இது ஒண்ணு போதும். ஆனா எரநூறு பேருக்குக் கேக்காதது உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுது?

தம்பி: அந்தத் தட்டு... பழகின தட்டு மாதிரி இருந்துச்சு மேடம். காலையில பாத்ரூமுக்குள்ள கொஞ்ச நேரம் இருந்தா வீட்டுல வந்து கதவை இடிப்பாங்களே, அது மாதிரி...

அண்ணன்: போதும். பேச்சைக் குறை.

நூலகர்: உள்ள மாட்டிக்கிட்டவர் யாரு?

தம்பி: தெரியாது மேடம்.

அண்ணன்: யாரோ. அது நமக்கு எதுக்கு? நீ மலருக்கு அனுப்பும்மா, மணியாகுது.

நூலகர்: அனுப்பிட்டேன். வாசகம், பக்க எண், ரெண்டும். மூணே முக்கால்... பதிலும் வந்தாச்சு. "கிடைத்தது. பக்கம் உறுதி. நன்றி."

அண்ணன்: ஆயில்கேன் போட்டோ?

நூலகர்: அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

அண்ணன்: சொல்ல வேண்டாம். தெரியும். புறப்படுடா. ரொம்ப நன்றிம்மா, நீ நல்லா இருக்கணும்.

நூலகர்: இருங்கய்யா, கீழே பொடி எழுத்துல ஓர் அடிக்குறிப்பு இருக்கு. அதையும் அனுப்பவா?

தம்பி: வேண்டாம் வேண்டாம். அடிக்குறிப்பை எல்லாம் யாரு படிக்கிறாங்க?

அண்ணன்: இவனைப் பாராட்டி எழுதியிருப்பாங்க, அடக்கத்துல துடிக்கறான் பாரு. வாசிம்மா.

நூலகர்: "மேற்படி மெக்கானிக் கதவைத் திறந்து அந்த நபரை மீட்டார். கோட்டு அணிந்த, நடுத்தர வயதுடைய விருந்தினர் ஒருவர். நாற்பது நிமிடம் உள்ளே இருந்திருக்கிறார். அவர் குழந்தைபோலத் தேம்பி அழுததாகக் கூறப்படுகிறது."

அண்ணன்: என்னது?

நூலகர்: தேம்பி அழுததாக...

அண்ணன்: யாரு கூறினது?

தம்பி: அண்ணே, யாருன்னு பேரே போடல. பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாங்க.

அண்ணன்: "கூறப்படுகிறது"ன்னா? கூறினவன் எவன்? அவன் உள்ள வந்து பாத்தானா?

நூலகர்: பாவம், யாரா இருந்தாலும் பயம் வரத்தானே செய்யும். நானா இருந்தா மயக்கமே போட்டிருப்பேன்.

அண்ணன்: பயமா? யாரு பயந்தது?

தம்பி: யாரும் பயப்படல. யாரோ ஒருத்தர். நமக்கு வேண்டாதவர். நடங்கண்ணே, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்.

அண்ணன்: உலகம் பூரா இதைப் படிக்குமா?

நூலகர்: திறந்த தொகுப்புங்க. யாரு வேணாலும் படிக்கலாம்.

அண்ணன்: எத்தனை நாளைக்கு?

நூலகர்: எப்பவுமே இருக்கும்.

அண்ணன்: தப்பா இருந்தா மாத்த வழி இருக்கா?

நூலகர்: இருக்கே. "திருத்தம் கோர"ன்னு ஒரு படிவம். நிரப்பினா அந்தப் பக்கத்தோடயே சேர்த்துக் காட்டுவாங்க. ஆனா நேர்ல தெரிஞ்சவங்கதான் நிரப்பணும்.

அண்ணன்: திற.

தம்பி: அண்ணே, வேண்டாம். இருபத்தேழு வருஷம் நான் வாயே திறக்கல. இப்ப நீங்களே...

அண்ணன்: உன்னை நான் கேக்கல. திறம்மா.

நூலகர்: திறந்தாச்சு. முதல் கேள்வி, "நீங்கள் யார்?" மூணு வட்டம் இருக்கு. கட்டுரையாளர், அரங்கில் இருந்தவர், மற்றவர். நீங்க மூணாவது வரிசையில இருந்தீங்களே, "அரங்கில் இருந்தவர்"னு போட்டுடறேன்.

அண்ணன்: ...இல்ல. "மற்றவர்."

நூலகர்: மற்றவர்னா யாருன்னு விவரம் கேக்குதே. என்ன திருத்தம்னும் எழுதணும். ஐயா? என்ன எழுதட்டும்?

தம்பி: மேடம், அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் அணைச்சிடுங்களேன்...

அண்ணன்: எழுதும்மா. "லிஃப்டுக்குள் இருந்தவன். நான் அழவில்லை. லிஃப்டை அதட்டிக்கொண்டிருந்தேன்."