நாலு நம்பர் பூட்டு

— அந்த நாலு நம்பர் என்னன்னு மட்டும் சொல்லுங்கப்பா. வேற ஒன்னும் கேக்கல.

— முதல்ல ஷூவை மாட்டு. வேன் வர இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு.

— மாட்டிக்கிட்டேதான் கேக்குறேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்த விளையாட்டு. காலையில திறந்தா, பெற்றோர் அனுமதி வேணும்னு நாலு கட்டம் வந்து நிக்குது. என் பிறந்த தேதி போட்டேன், இல்ல. அம்மா பிறந்த தேதி போட்டேன், இல்ல. உங்க பழைய ஸ்கூட்டர் நம்பர் கூடப் போட்டுப் பார்த்தேன்.

— அதெல்லாம் போடுவேன்னு தெரிஞ்சுதான் வேற வெச்சேன். பதினெட்டு வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்துறேன். யார் எந்த சந்துல இருந்து குறுக்கே வருவாங்கன்னு எனக்குத் தெரியாதா?

— விளையாடவே வேண்டாம்னா நேரா சொல்லிடுங்க.

— விளையாடு. யாரு வேண்டாம்னா? நீயும் அந்த கம்ப்யூட்டர் காருமா நாள் பூரா ஓட்டு. வெளி ஆளுங்க மட்டும் கிடையாது. பேச முடியாது, எழுத முடியாது, ஒருத்தரும் உன்னைக் கூட்டு சேர்க்க முடியாது. ஒவ்வொன்னா தேடித் தேடி அணைச்சேன். முக்கால் மணி நேரம் ஆச்சு, கேட்டுக்கோ.

— தனியா ஓட்டறதுக்கு எதுக்குப்பா அது? சனிக்கிழமை தொடர் ஓட்டப் பந்தயம் இருக்கு. நாலு பேர் மாத்தி மாத்தி ஓட்டணும். நான், ஆந்தை, பல்லி, நத்தை. ரெண்டு மாசமா பழகியிருக்கோம், நத்தை மட்டும் இப்பத்தான் சேர்ந்துச்சு. ஒரு வார்த்தை கூட சொல்லாம நான் காணாமப் போனா என்ன நினைப்பாங்க?

— ஆந்தை, பல்லி, நத்தை! பேரைப் பாரு. மனுஷங்களா, மிருகக்காட்சி சாலையா?

— நாங்க வெச்ச பேரு. ஆந்தை எப்பவும் முழிச்சிருப்பா. பல்லி சுவரைப் பார்த்தா போய் ஒட்டிக்கும். நத்தை அங்க வெச்சிருக்கற பேரு ரோஜா பதினாலு.

— யாரா வேணா இருக்கட்டும். முகம் பார்த்திருக்கியா? குரல் கேட்டிருக்கியா?

— நத்தையும் வெளி ஆள்தானாப்பா?

— அதுவும்தான். என்ன சந்தேகம்?

— இல்ல, கேட்டு வெச்சுக்கறேன்.

— இங்க பாரு பாப்பா, சும்மா பூட்டு போடல. பேப்பர்ல தினம் வருது. நல்லவன் மாதிரி பேசி, வயசைக் குறைச்சுச் சொல்லி, வீட்டு விலாசம் வாங்கி... மேல சொல்ல எனக்கே வாய் வரல. உனக்குப் பதிமூணு வயசு.

— எனக்கும் தெரியும். போன வருஷம் ஒருத்தன் போட்டோ அனுப்புன்னு கேட்டான். என்ன பண்ணேன்? அந்த நிமிஷமே முடக்கினேன், புகார் எழுதினேன், அம்மாகிட்ட காட்டினேன். நீங்க கேக்கக்கூட இல்ல. சொன்னா பூட்டுதான் வரும்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கு நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

— அன்னைக்குப் போடலைங்கறதுக்காக இன்னைக்குப் போடக்கூடாதா?

— ஏன் இன்னைக்கு? ஒரே ஒரு கேள்விதான். ரெண்டு வருஷமா விளையாடறேன். நேத்து ராத்திரி என்ன ஆச்சு?

— எதுவும் ஆகல. தோணுச்சு, போட்டேன்.

— தோணுச்சு?

— ஆமா. என் வீடு, என் டிவி, என் பொண்ணு. எல்லாத்துக்கும் எழுதிக் குடுக்கணுமா? வீட்டுல நடக்கறதை எல்லாம் அங்க போய் கொட்டறதும், நாளைக்கு ஸ்கூல்ல போய் சொல்லிடப் போறேன்னு கிளம்பறதும்... இதுக்குப் பேரு விளையாட்டா?

— ஸ்கூல்ல என்ன சொல்லப் போறேன்?

— ஒன்னுமில்ல. லேஸைக் கட்டு.

— இல்லப்பா, நில்லுங்க. ஸ்கூல்ல சொல்லப் போறேன்னு நான் வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டயும் சொல்லல. ஆந்தை, பல்லிக்குக்கூடத் தெரியாது. நத்தைக்கு மட்டும்தான் நேத்து தனியா எழுதினேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எப்படியோ தெரியும்.

— எப்படின்னு உங்க வாயாலயே சொல்லுங்க.

— சொன்னா என்ன? எனக்கு என்ன பயம்? நத்தை நான்தான். போதுமா? டிரைவிங் ஸ்கூல்ல புதுசாப் பழக வர்றவங்களுக்குன்னு ஸ்டியரிங் வெச்ச பெட்டி ஒன்னு வாங்கிப் போட்டேனே, அதுலதான். சாயங்காலம் கிளாஸ் இல்லாத நேரத்துல உள்ள வருவேன். என் பொண்ணு யார்கூட சுத்தறா, என்ன பேசறான்னு பார்க்க ஒரு அப்பனுக்கு உரிமை இல்லையா?

— ரோஜா பதினாலு.

— பொண்ணு பேரு இருந்தாத்தானே பேசுவே.

— பதினாலு வயசுன்னு எழுதியிருந்தீங்க. லீவுல மாமா வீட்டுக்கு வந்திருக்கேன், போரடிக்குதுன்னு எழுதியிருந்தீங்க.

— சும்மா ஒரு இதுக்கு...

— நாப்பத்தாறு வயசு ஆம்பளை, பதினாலு வயசுப் பொண்ணுன்னு பொய் சொல்லி, ஒரு பதிமூணு வயசுப் பொண்ணுகிட்ட ஃப்ரெண்டு பிடிச்சு, வீட்டுக் கதையெல்லாம் கேட்டு வாங்கியிருக்காரு. பேப்பர்ல வர்றது இதுதானேப்பா? இதுக்குத்தானே பூட்டு?

— ஏய்! யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசறே? நான் உன் அப்பன்!

— அதனாலதான் கோவம் வருது. வேற யாராவதா இருந்தா புகார் எழுதிட்டுப் போயிருப்பேன்.

— கோவம் எனக்குத்தான் வரணும். என்ன எழுதினே நீ? உன் சித்தப்பா குடிச்சிட்டு வேன் ஓட்டறார்னு எழுதினே. என் தம்பியைப் பத்தி! நத்தை நானா இருந்ததால சரியாப் போச்சு. வேற எவனாவது இருந்திருந்தா? ஊர் சிரிக்காது?

— நான் எழுதினது பொய்யா?

— பொய்யோ நிஜமோ, அது வீட்டு விஷயம்.

— வேன்ல பதினாலு பேர் இருக்கோம்ப்பா. எங்க எல்லாருக்கும் அது ஒரே வீடா?

— எதிர்ப்பேச்சு பேசாதே. அவனும் மனுஷன்தான். வேலை போச்சு, பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிட்டா, ஒத்தையா கிடக்கறான். ஸ்கூல் வேனை நான்தான் பார்த்துக் குடுத்தேன். அதையும் பிடுங்கச் சொல்றியா?

— பாலத்து முனையில வேன் நடுத் திட்டு மேல ஏறுச்சு. அந்த குட்டிப் பொண்ணு, ரெட்டை ஜடை போட்டுட்டு வருமே, அது முன் கம்பியில இடிச்சு உதடு கிழிஞ்சு ரத்தம். யாரும் வீட்டுல சொல்லக்கூடாதுன்னு எல்லாருக்கும் சாக்லேட் வாங்கிக் குடுத்தாரு சித்தப்பா.

— பிரேக் சரியாப் பிடிக்கலைன்னான்.

— கேட்டீங்களா?

— கேட்டேன். அப்படித்தான் சொன்னான்.

— பிரேக் பிடிக்காத வேனை மறுநாள் காலையில எப்படிப்பா அனுப்பினீங்க? உங்க ஸ்கூல் கார்ல கண்ணாடி கொஞ்சம் திரும்பியிருந்தாலே சாவியைத் தர மாட்டீங்க.

— வேற வேன் இல்லையே.

— மெக்கானிக்கிட்ட விட்டீங்களா? இல்ல. ஏன்னா பிரேக்ல ஒன்னும் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

— பேசலாம்னு இருந்தேன். நேரம் பார்த்துட்டு இருந்தேன். அவன்கிட்ட எடுத்த உடனே சொன்னா உடைஞ்சு போயிடுவான். மெதுவாத்தான் சொல்லணும். வேன் வேற என் பேர்ல இருக்கு. ஒரு புகார் போச்சுன்னா என் டிரைவிங் ஸ்கூல் லைசென்ஸும் சேர்ந்து போகும். பதினெட்டு வருஷம்!

— இப்பத்தான் உண்மை வருது.

— என்ன உண்மை?

— நேத்து நத்தைகிட்ட என்ன கேட்டேன்? நாளைக்கு ஸ்கூல்ல சொல்லிடட்டுமா, நீ என்ன சொல்றேன்னு கேட்டேன். நத்தை பதில் எழுதல. அப்படியே வெளியே போயிடுச்சு. காலையில எழுந்து பார்த்தா பூட்டு. நீங்க வெளி ஆளுங்ககிட்ட இருந்து என்னைக் காப்பாத்த அதைப் போடல. என்கிட்ட இருந்து சித்தப்பாவைக் காப்பாத்தப் போட்டிருக்கீங்க.

— அப்படியெல்லாம் இல்ல... ரெண்டும்தான்னு வெச்சுக்கோயேன்.

— முன்னப்பின்ன தெரியாதவங்க லட்சம் பேருக்கு ஒரே ராத்திரியில பூட்டு போட முடியுது. தெரிஞ்ச ஒரே ஒரு ஆள்கிட்ட இருந்து வேன் சாவியை வாங்க முடியல.

— அதை நேரா வந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமே பாப்பா! அப்பான்னு ஒருத்தன் வீட்டுல எதுக்கு இருக்கேன்? என்னை விட்டுட்டு அந்த நத்தைகிட்டப் போய்...

— ரெண்டு தடவை சொன்னேன்.

— எப்போ?

— முதல் தடவை, நீங்க சாப்பிட்டுட்டு இருந்தப்போ. சித்தப்பா மேல ஒரு மாதிரி வாசனை வருதுப்பான்னேன். பெரியவங்களைப் பத்தி அப்படிப் பேசாதேன்னீங்க. ரெண்டாவது தடவை அம்மாதான் அனுப்பினாங்க. அவரோட தம்பி, நீயே போய் சொல்லுன்னு. நீங்க போன் பேசிட்டு இருந்தீங்க. கையை இப்படிக் காட்டினீங்க. அப்புறம்கற மாதிரி.

— வேலையா இருந்திருப்பேன்.

— அப்புறம் வரவே இல்ல. ஆனா நத்தை இருக்கே, அது கேட்டுச்சு. ஒரு வரி எழுதினா, அப்புறம்னு கேக்கும். இன்னொரு வரி எழுதினா, உனக்கு பயமா இருந்துச்சான்னு கேக்கும். எந்த சீட்டுல உக்காந்திருந்தே, பெல்ட் போட்டிருந்தியா, எல்லாம் கேக்கும். இந்த வீட்டுல யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லப்பா.

— ...நான்தானேம்மா கேட்டேன்.

— ஆமா. பதினாலு வயசா இருந்தப்போ.

— அடேயப்பா, என்னைக் குத்திக் குத்திக் கொல்றே.

— நாலு நம்பரை சொல்லுங்க, நிறுத்திடறேன்.

— அண்ணே! அண்ணோவ்! அஞ்சு தடவை ஹார்ன் அடிச்சாச்சு, தெருவே எழுந்து வந்து பார்க்குது. எங்கே என் குட்டிம்மா? வாடா தங்கம், முன் சீட்டு உனக்குன்னு பிடிச்சு வெச்சிருக்கான் உன் சித்தப்பன்!

— தம்பி, நீ வேனுக்குப் போ. வர்றா.

— என்னண்ணே, காலங்காத்தால மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு? இந்தா, சூயிங்கம் போடு. குட்டிம்மா, நீயும் ஒன்னு எடுத்துக்கோ. எடுத்துக்கோடா!

— வேண்டாம் சித்தப்பா.

— சித்தப்பா மேல கோவமா? அன்னைக்கு ஒரு நாள் லேசா குலுங்கினதுக்கா? இன்னைக்குப் பாரு, தாலாட்டு மாதிரி கொண்டு போறேன். ஐயோ, இந்தப் படி எப்போண்ணே இவ்வளவு உயரமாச்சு? விழத் தெரிஞ்சேனே!

— பார்த்துப் போடா.

— போறேன், போறேன். சீக்கிரம் வாடா குட்டிம்மா! லேட்டானா பறக்க வேண்டியதுதான்!

— பார்த்தீங்களாப்பா? மணி எட்டுதான் ஆகுது. வாசப்படி எட்டு வருஷமா அதே உயரத்துலதான் இருக்கு.

— நேத்து ராத்திரிதுல மிச்சம் ஏதாவது... தூக்கம் பத்தாம இருக்கும். இன்னைக்கு ஒரு நாள் போ பாப்பா. பின் சீட்டுல உக்காரு, பெல்ட் போட்டுக்கோ. சாயங்காலம் அவனை உக்கார வெச்சுப் பேசிடறேன், சத்தியமா.

— நான் பின்னாடி உக்காந்துக்கறேன். ரெட்டை ஜடைக்குப் பின் சீட்டு கிடையாது. அது குட்டியா இருக்குன்னு முன்னாடிதான் உக்கார வெப்பாங்க.

— சாயங்காலம்னு சொல்றேன்ல? அந்த நம்பரையும் சாயங்காலம் பார்க்கலாம். ஆனா ஒன்னு, கேட்டுக்கோ. எனக்கு வலிச்சது அதுதான். இவ்வளவு பெரிய விஷயத்தை, அப்பா குத்துக்கல்லாட்டம் வீட்டுல இருக்கறப்போ, முன்னப்பின்ன தெரியாத ஒருத்திகிட்டப் போய் சொல்லலாமா நீ?

— தெரியாதவங்ககிட்ட நான் சொல்லவே இல்லப்பா. அந்த விளையாட்டு ஊருக்குள்ள எத்தனையோ ஆயிரம் கார் ஓடுது. சிவப்பு விளக்கு எரிஞ்சா நிக்கிறது ஒரே ஒரு கார்தான். ஆளே இல்லாத ரோட்டுல திரும்பறதுக்குக்கூட இண்டிகேட்டர் போடும். முதல் நாளே தெரிஞ்சுபோச்சு எனக்கு. பதினோரு நாளா நான் உங்ககிட்டதான் சொல்லிட்டு இருக்கேன்.