எண்ணெய் விட்டவர்

— “அக்டோபர் மூன்றாம் தேதி, வாடிக்கையாளர் முன்னிலையில் மோட்டார் நகரவில்லை. காரணம்: பஷீராவின் வடிவமைப்புப் பிழை.” இது அநியாயம் இல்லையா, சுந்தரராமன் சார்? இதுக்குக் கீழே நான் கையெழுத்துப் போடணுமா?

— போடத்தான் வேணும், பஷீரா. வந்த வாடிக்கையாளர் கண் ஆபரேஷன் கருவி செய்யறவங்க. பெருங்களத்தூர் நெரிசல்ல மூணு மணி நேரம் கிடந்து நம்ம படப்பைப் பட்டறைக்கு வந்தாங்க. உன் மோட்டார் என்னடான்னா கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருக்கு. காரணத்தை எழுத்துல கேட்கறாங்க. எனக்கு ஒழுங்கு முக்கியம்.

— போட்டா இந்த மோட்டாரையே தலைமுழுகிடுவாங்க. மூணு வருஷ உழைப்பு சார்! செப்டம்பர் முப்பது சாயங்காலம் வரைக்கும் ஓடிச்சு. இதே பதிவேட்டுல இருக்கு, பாருங்க.

— ஓடினது நின்னா, செஞ்சவளைத்தானே கேட்கணும்?

— இந்தத் துணியைப் பாருங்க. இப்பதான் மோட்டாரைக் கழட்டி, உள்ளே இருக்கிற தண்டவாளத்தைத் துடைச்சேன்.

— என்ன, பிசுபிசுங்குது? எண்ணெயா? இருந்தா என்ன? மெஷின்னா எண்ணெய் விட மாட்டாங்களா?

— மத்த மெஷினுக்கு விடலாம். இதுல திருகும் கிடையாது, பல்சக்கரமும் கிடையாது. அரிசி அளவு பீங்கான் துண்டு ஒண்ணு, காதுக்கே கேட்காத வேகத்துல, நொடிக்கு நாற்பதாயிரம் தடவை அதிருது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அதோட முனை தண்டவாளத்தை ஒரு தள்ளு தள்ளும். அந்த உரசல்தான் இதுக்கு உயிர். எண்ணெய் விட்டா வழுக்குமரம் ஏறுற கதைதான்.

— அடப்பாவி! எந்த முட்டாள் செஞ்ச வேலை இது? கனகவல்லி! இங்கே வா. பாகமெல்லாம் சேர்த்து இந்த மோட்டாரைப் பூட்டுறது நீதானே?

— பூட்றது நான்தான் சார். எண்ணெ வுட்டது நான் இல்ல.

— ஒண்ணாம் தேதி ஆயுத பூஜைக்கு மெஷினெல்லாம் துடைச்சு எண்ணெய் போட்டது யாரு?

— லேத்து, மில்லிங்கு எல்லாம் நாங்கதான். இத்த எங்க ஆளுங்க யாரும் தொடல. பஷீரா மேடம் லீவுல போவும்போதே, “அக்கா, இதைத் தொடாதீங்க”ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு.

— பொய் சொல்லாதே!

— இன்னா சார், எடுத்தவுடனே பொய்யின்றீங்க? பதினோரு வருசமா இங்கதானே கீறேன்? மொதல்ல அந்தப் பொண்ணு தலைல கட்னீங்க, இப்ப என் தலையா?

— சரி. பஷீரா, உன் பேரை அடிச்சுட்டு நான் சொல்றதை எழுது. “காரணம்: தண்டவாளத்தில் எண்ணெய். இதைப் படிப்பவர் எவராயினும், எண்ணெய் விட்டவர் பெயரை அச்சமின்றிக் கீழே எழுதுக.” அந்த ஆளை வாடிக்கையாளர் முன்னாடி நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்கிறேன். ஒழுங்குன்னா ஒழுங்கு!

— எழுதிட்டேன் சார்.

— சார், பூஜை போட்டோ என் போன்ல கீது. எண்ணெதான் காரணம்னு எனக்கு இப்பத்தானே தெரியும்? பாக்குறீங்களா?

— காட்டு... இதுல எண்ணெய்க் குப்பியும் ஒரு கையும்தானே தெரியுது?

— அடுத்த போட்டோவத் தள்ளுங்க. “நம்ம கம்பெனிக்கே இதுதான் செல்லம், மொத சொட்டு இதுக்குத்தான்”னு சொல்லிக்கினே ரெண்டு சொட்டு வுட்டாரு. பட்டு வேட்டி, இதோ ஒங்க கைல கீற அதே தங்க வாட்சு.

— கனகவல்லி, அந்தப் போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வை.

— போன் இருக்கட்டும் சார். பதிவேட்டைப் பாருங்க: “இதைப் படிப்பவர் எவராயினும், எண்ணெய் விட்டவர் பெயரை அச்சமின்றிக் கீழே எழுதுக.” படிச்சாச்சா? இந்தாங்க பேனா. எழுதுங்க.